புற்றின் நிலமும் புரதத்தின் வழியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி உக்கடத்தில் நிகழ்த்திய உரை)



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில் எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள் கவிதை பற்றியதன்று. புற்றுக்கட்டி இருக்கும் இடத்தை அதன் புளிப்பைக் கொண்டு அறிந்து, அங்குள்ள உயிரணுவின் சவ்வுக்குள் நுழையும் ஒரு சிறு புரதத்துணுக்கைப் பற்றியது. ஆயினும் ஐந்திணை படித்த அவைக்கு இச்செய்தி அயலானதாக இராது என்பது என் துணிபு. அது எவ்வாறு என்பதைப் படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன். சொல்லி முடித்தபின் தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு.

முதலில் ஒரு மரத்தைப் பற்றிச் சொல்கிறேன். நமக்கு மேற்கே நிற்கும் மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் ஒரு சிறுமரம் வளர்கிறது. தாவரவியலார் முன்பு அதை மாப்பியா என்றனர். இப்போது நோத்தபோடைட்டஸ் என்கின்றனர். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்பித்துப் புகழ்பெற்ற டி.ஆர். கோவிந்தாச்சாரி, பின்னர் பம்பாயில் ஆய்வு நடத்தியபோது, என். விசுவநாதனுடன் சேர்ந்து அம்மரத்தில் கேம்ப்டோதெசின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதை 1972இல் வெளியிட்டார். அதே பொருளை 1966இல் அமெரிக்காவில் மன்றோ வால், மன்சுக் வானி என்னும் இருவர் ஒரு சீன மரத்திலிருந்து பிரித்திருந்தனர். வானி மராட்டிய மண்ணில் பிறந்தவர்.

உயிரணு இரண்டாகப் பிரியுமுன் அதன் மரபிழைகளின் முறுக்கு அவிழ வேண்டும். அவிழ்ப்பதற்கென ஒரு நொதி இருக்கிறது. கேம்ப்டோதெசின் அந்த நொதியை இழையோடு இழையாகச் சிக்கவைத்து முடக்கிவிடும். பெருகத் துடிக்கும் அணு அங்கேயே மடியும். புற்றணு ஓயாது பெருகுவது. ஆகவே இது நல்ல மருந்தாகும் என்று நம்பினர். ஆனால் நம் உடலில் பெருகுவது புற்றணு மட்டுமன்று. எலும்பின் உள்ளே குருதியணுக்கள் நாள்தோறும் பிறக்கின்றன. குடலின் உள்தோல் நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. 1970களின் தொடக்கத்தில் நோயாளிகளுக்கு இம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது குருதியணுக்கள் குறைந்தன. சிறுநீர்ப்பை புண்ணாகிக் குருதி கசிந்தது. அந்தச் சோதனை கைவிடப்பட்டது. பல்லாண்டுகள் கழித்து, 1996இல்தான் இதன் வழிவந்த இரு மருந்துகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. அவையும் நோயாளியை வருத்தாமல் விடுவதில்லை. மருந்துக்கு வலிமை இருந்தது; போய்ச் சேரவேண்டிய இடம் அதற்குத் தெரியவில்லை.

இடத்தைத் தெரிவிப்பது எப்படி? அறிவியலார் முதலில் கண்ட வழி, புற்றணுவின் மேல் இருக்கும் ஓர் அடையாளத்தைத் தேடுவது. சில மார்பகப் புற்றணுக்களின் மேற்புறத்தில் ஹெர்-2 என்னும் புரதம் அளவுக்கு மிஞ்சி இருக்கும். அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதம் ஒன்று 1998இல் மருந்தாக வந்தது. எண்ணற்ற பெண்கள் அதனால் உயிர் பிழைத்திருக்கின்றனர். ஆயினும் மார்பகப் புற்று கொண்டோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர்க்கே அந்த அடையாளம் உண்டு. ஏனையோர்க்கு வேறு அடையாளம் தேடவேண்டும். ஒரே கட்டியிலும் எல்லா அணுக்களும் ஒரே அடையாளத்தைத் தாங்குவதில்லை. மருந்துக்குத் தப்பியவை அடையாளத்தைக் களைந்துவிட்டு மீண்டும் பெருகுவதும் உண்டு.

இங்கேதான் நம் பொருளிலக்கணம் நினைவுக்கு வருகிறது. தொல்காப்பியர் அகத்திணைக்கு முதல், கரு, உரி என்று மூன்று வகுத்தார். ஒரு நிலத்தின் பூவும் புள்ளும் விலங்கும் கருப்பொருள். அவை ஒரு நிலத்திலிருந்து இன்னொரு நிலத்துக்கு வந்து மயங்குவதும் உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள்; மற்றவை அதன்மேல் எழுவன. ஹெர்-2 போன்ற அடையாளங்களைத் தேடுவது கருப்பொருளைக் கொண்டு திணையை அறிவது போன்றது. நான் சொல்லவந்த துணுக்கோ முதற்பொருளைப் பார்க்கிறது. கட்டியின் மேல் என்ன பூத்திருக்கிறது என்று அது கேட்பதில்லை. அந்த மண் எப்படி இருக்கிறது என்று கேட்கிறது.

அந்த மண் புளித்திருக்கிறது. ஜெர்மானிய உயிர்வேதியியலார் ஓட்டோ வார்பர்க் 1920களில் ஓர் உண்மையைக் கண்டார். இயல்பான உயிரணு சர்க்கரையை உயிர்வளியின் துணையோடு முழுதும் எரித்து ஆற்றல் பெறும். புற்றணுவோ, உயிர்வளி கிடைக்கும்போதும் பெருமளவு சர்க்கரையை அரைகுறையாகச் சிதைத்து லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுகிறது. நம் வீட்டுத் தயிரைப் புளிக்கச் செய்வதும் அதே அமிலந்தான்.

புளிப்பை அளக்க அறிவியலார் பி.எச். என்னும் அளவுகோலை வைத்திருக்கின்றனர். அதில் எண் குறையக் குறையப் புளிப்பு மிகும்; ஓர் எண் குறைந்தால் பத்து மடங்கு புளிப்பு. நம் குருதி 7.4 என்னும் அளவை ஒட்டியே நிற்கும். கட்டியில் அணுக்களுக்கு இடைப்பட்ட நீரோ பெரும்பாலும் 6.5 முதல் 7 வரை இறங்கியிருக்கும். அணுவின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில் இன்னும் குறையும். கட்டிக்குள் குருதிக்குழாய்கள் தாறுமாறாக வளர்வதால் அமிலம் எளிதில் வடிவதுமில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். புற்றணுவின் உள்ளே புளிப்பு இல்லை. அணு தன் உள்ளகத்தைச் சீராக வைத்துக்கொண்டு, அமிலத்தை அண்டை அயலில் கொட்டுகிறது. நொய்யல் கரையில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதோ அருகில் இருக்கும் உக்கடம் பெரியகுளத்துக்கு நீர் தருவது அந்த ஆறுதான். அது கிழக்கே திருப்பூரைக் கடந்தபின் என்ன ஆயிற்று என்பதை ஒரத்துப்பாளையம் அணை சொல்லும். பாசனத்துக்கென 1992இல் கட்டிய அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. பட்டறைக்குள் துணி பளிச்சென்று இருந்தது; கழிவு ஆற்றில் இருந்தது. 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, நீதிமன்றத்தின் முன் நின்ற பெருஞ்சான்று நீரின் நிலைதான். பெயர்ப்பலகையை மாற்றிவிடலாம், ஆற்றில் விட்ட கழிவை மறைக்க இயலாது. புற்றணுவும் தன் மேலுள்ள அடையாளத்தை மாற்றிக்கொள்ளக்கூடும். வேகமாக வளரும்வரை அமிலம் கக்குவதைத் தவிர்ப்பது அதற்கு அரிது.

இந்தப் புளிப்பை அறியும் துணுக்கு வந்த இடம் உப்பளம். உப்பளத்தில் நீர் முற்றிய பாத்திகள் செம்மை படர்ந்து கிடப்பதை வேதாரணியம், தூத்துக்குடிப் பக்கத்து அன்பர்கள் பார்த்திருப்பர். பிற உயிர்கள் வாழமுடியாத அந்த உப்புநீரில் வாழும் நுண்ணுயிர்களே அந்நிறத்துக்குக் காரணம். அவற்றுள் ஒன்றின் சவ்வில் ஊதாநிறப் புரதம் ஒன்று இருப்பதை 1971இல் ஊஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கேனியஸ் என்னும் இருவர் கண்டனர். பாக்டீரியோரொடாப்சின் என்பது அதன் பெயர். கதிரொளியைப் பெற்று, ஹைட்ரஜன் அயனிகளை அணுவின் உள்ளிருந்து வெளியே இறைப்பது அதன் தொழில். ஹைட்ரஜன் அயனி என்பதே புளிப்பின் வித்து. இப்புரதம் சவ்வை ஏழுமுறை ஊடுருவி நிற்கும் ஏழு சுருள்களால் ஆனது என்பதை 1975இல் ஹெண்டர்சனும் அன்வினும் படமெடுத்துக் காட்டினர்.

யேல் பல்கலைக்கழகத்தின் டொனால்டு எங்கல்மனும் அவருடைய குழுவினரும், ஏழு சுருள்களையும் தனித்தனியே பிரித்தால் ஒவ்வொன்றும் தானே சவ்வில் நிற்குமா என்று ஆராய்ந்தனர். மூன்றாம் சுருள் எதிர்பாராத விதமாக நடந்துகொண்டது. அது நீரில் கரைந்தது, சுருளாகவும் இல்லை. நீரைப் புளிக்கச் செய்ததும் சுருண்டு சவ்வுக்குள் நுழைந்தது. இது 1997இல் வெளியாயிற்று. மருந்து தேடிப் புறப்பட்ட ஆய்வன்று இது. ஒரு புரதம் எப்படி நிற்கிறது என்று அறியும் ஆவலால் எழுந்த ஆய்வு. பின்னர் ரோட் ஐலண்டு பல்கலைக்கழகத்தின் யானா ரெஷெத்னியாக், ஓலெக் ஆந்திரீவ் இருவரும் எங்கல்மனோடு சேர்ந்து, எலியின் குருதியில் செலுத்திய இத்துணுக்கு அதன் கட்டியில் சென்று சேர்வதை 2007இல் காட்டினர். பி.எச்.லிப் என்பது அவர்கள் இட்ட சுருக்கப்பெயர்.

இது வேலை செய்யும் விதம் நம் அடுக்களையில் நடப்பதுதான். பாலில் உள்ள புரதம் எதிர்மின்னூட்டம் தாங்கியது. அதனால் ஒன்றையொன்று விலக்கி நீரில் மிதந்து நிற்கிறது. உறை ஊற்றியதும் அமிலம் பெருகி, ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தை அணைத்துவிடுகின்றன. நீரோடு இருந்த உறவு அற்றுப்போகப் புரதம் திரண்டு தயிராகிறது. நம் துணுக்கு ஏறத்தாழ 36 அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. அதன் நடுப்பகுதியில் பெரும்பாலானவை எண்ணெயை விரும்புபவை. ஆனால் இடையே ஆஸ்பார்டிக் அமிலம் இரண்டு இருக்கின்றன. இயல்பான குருதியில் அவை மின்னூட்டத்தோடு இருந்து, மாலையை நீரோடு பிணைத்துவைக்கின்றன. உயிரணுவின் சவ்வோ உள்ளே எண்ணெய் போன்றது. மின்னூட்டம் தாங்கியதை அது ஏற்காது. எனவே துணுக்கு சவ்வின்மேல் தளர்வாகப் படிந்து, பின் விலகிப் போய்விடுகிறது.

புளித்த இடத்துக்கு வந்ததும் நிலை மாறுகிறது. ஹைட்ரஜன் அயனிகள் வந்து பொருந்த அந்த இரண்டின் மின்னூட்டமும் அணைகிறது. மாலை சட்டென்று சுருளாகிறது. ஓரிரு நிமிடங்களில் சவ்வை ஊடுருவி நிற்கிறது. சுருளாகாமல் அது நுழைய முடியாது. விரிந்த நிலையில் மாலையின் முதுகெலும்பு நீரை நாடும். சுருளும்போது அந்த நாட்டத்தைத் தன்னுள்ளேயே நிறைவு செய்துகொள்கிறது. தாய்ப்புரதத்தில் ஹைட்ரஜன் அயனியைக் கைமாற்றிக் கொடுத்த அதே இரண்டு ஆஸ்பார்டிக் அமிலங்களே இங்கு அந்த அயனியை உணரும் நாவாக இருக்கின்றன. பெற்ற இடத்துத் தொழிலைப் பிரிந்த பின்னும் மறக்கவில்லை.

புரத மாலை எப்படியெல்லாம் மடங்கலாம், எப்படி மடங்க இயலாது என்பதற்கு உலகெங்கும் பயிலும் வரைபடம் ஒன்று உண்டு. அதை 1963இல் வரைந்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய சி. இராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் ஆவர். இராமச்சந்திரன் வரைபடம் என்றே அதற்குப் பெயர். ஆய்வுலகில் எந்த மொழியினர் ஒரு புரதச்சுருளைச் சோதித்தாலும் கிண்டியில் பிறந்த அந்தக் கட்டத்தின்மேல் வைத்தே சோதிக்கின்றனர்.

நுழைந்த துணுக்கின் ஒரு முனை அணுவுக்கு வெளியே நிற்கும். மறுமுனை உள்ளே போய்விடும். துணியைக் குத்தி நிற்கும் ஊசியை நினைத்துக்கொள்ளலாம். வெளிமுனையில் ஒளிரும் சாயம் ஒன்றைக் கட்டினால், கட்டி எதுவரை பரவியிருக்கிறது என்பது அறுவை மருத்துவர் கண்ணுக்குத் தெரியும். உள்முனையில் மருந்தைக் கட்டினால், அணுவின் உட்சூழலில் மட்டுமே அறுபடும் கந்தகப் பிணைப்பு அறுந்து, மருந்து உள்ளே விழும். அவ்வாறு கட்டப்பட்டு 2021இல் அமெரிக்காவில் மனிதரிடம் சோதனைக்கு வந்த மருந்துகளுள் ஒன்று எக்சாடெகான். அது கேம்ப்டோதெசினின் வழித்தோன்றல். திசையறியாமல் கைவிடப்பட்ட அந்த நஞ்சின் குடும்பத்துக்கு, உப்பளத்து நுண்ணுயிரின் துணுக்கு வழிகாட்ட முன்வந்திருக்கிறது.

இதனால் புற்றுநோய் வெல்லப்பட்டுவிட்டது என்று யாரும் கருத வேண்டா. புளிப்பு புற்றுக்கு மட்டும் உரியதன்று. வீங்கிய மூட்டிலும், குருதி தடைப்பட்ட தசையிலும் புளிப்பு உண்டு; துணுக்கு அங்கும் செல்லும். சிறுநீரகத்திலும் ஓரளவு தங்கும். எல்லாக் கட்டிகளும் ஒரே அளவு புளித்திருப்பதில்லை. இது இன்னும் சோதனைக்கூடத்துக்கும் நோயாளியின் படுக்கைக்கும் இடையே நடந்துகொண்டிருக்கிறது. மருந்துக்கடையில் வாங்கும் மருந்தாகவில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'கட்டி புளித்திருக்கிறது' என்னும் உண்மையை யாரோ தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். 'உடல் புளித்ததால்தான் புற்று வந்தது. காரநீர் குடித்தால் புற்று கரையும். சமையல் சோடாவை எலுமிச்சையில் கலந்து குடித்தால் போதும்' என்னும் செய்தி கைப்பேசிகளில் ஓயாமல் வலம் வருகிறது. காரநீர் தரும் கருவிகள் பெரும் விலைக்கு விற்கப்படுகின்றன. வார்பர்க் இதைக் கண்டுபிடித்ததற்காகவே நோபல் பரிசு பெற்றார் என்றும் எழுதுகின்றனர். 1931இல் அவர் பெற்ற பரிசு, உயிரணு மூச்சுவிடத் துணைசெய்யும் நொதியின் இயல்பைக் கண்டதற்காக. புளிப்பு கட்டியின் கழிவு. அது நாம் உண்ட உணவிலிருந்து வந்ததன்று. குடித்த காரநீர் இரைப்பையின் கடும் அமிலத்தில் அழிந்துவிடும். எஞ்சியதையும் நுரையீரலும் சிறுநீரகமும் சரிசெய்து, குருதியை 7.4 என்னும் அளவிலேயே நிறுத்தும். அந்த அளவு பெரிதும் மாறினால் மனிதன் பிழைப்பதே கடினம். காரநீரை நம்பி ஆறு மாதம் மருத்துவமனைக்குப் போகாதிருந்தவருக்கு, அந்த ஆறு மாதத்தை யாரும் திருப்பித் தர இயலாது.

பொள்ளாச்சியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் உக்கடத்தில் வந்து இறங்கும் பயணிகளைக் கவனித்தால், கையில் மருத்துவமனைக் கோப்போடு வருபவர் சிலரையேனும் காணலாம். அந்தக் கோப்பில் இருப்பவை பெரும்பாலும் அவர்கள் படித்தறிய முடியாத சொற்கள். வாங்கிச் சொல்லவும் ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் காரநீர்க்காரர் தெளிந்த, இனிய தமிழில் பேசுகிறார். பொய்யானது எளிய தமிழில் கிடைக்க, மெய்யானது கிடைக்காமற்போவது மருத்துவரின் குறை மட்டுமன்று. சொல்லைத் தொழிலாகக் கொண்ட நமக்கும் அதில் பங்குண்டு.

உவமையிலும் நாம் கருத்தாயிருக்க வேண்டும். புற்றை அரக்கன் என்றும் படையெடுத்து வந்த பகைவன் என்றும் எழுதிப் பழகிவிட்டோம். அது வெளியிலிருந்து வந்ததன்று. நம் அணுவே திரிந்தது. பாலைக்குத் தனி நிலம் இல்லை, பிற நிலங்கள் வெம்மையால் திரியும்போது அது தோன்றுகிறது என்று கொள்ளும் மரபு நம்முடையது. புற்றைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான உவமையை நான் காணவில்லை. அரக்கன் என்னும்போது நோயாளி ஏதோ சாபத்துக்கு ஆளானவர் போல ஆகிவிடுகிறார். திரிந்த நிலம் என்னும்போது, அதைச் சீர்செய்ய வழி தேடலாம் என்னும் எண்ணம் பிறக்கிறது.

1954ஆம் ஆண்டை இங்கு நினைவுகூர விரும்புகிறேன். அவ்வாண்டில் கிண்டியில் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொல்லாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய வடிவினது என்று வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே சில கிலோமீட்டர் தொலைவில் அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அதே ஆண்டில் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்தது. அதை நடத்திய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் தலைவர் நம் கொங்குநாட்டு தி.சு. அவினாசிலிங்கம் அவர்கள். முதன்மைப் பதிப்பாசிரியரோ ஒரு கவிஞர்: ஈரோட்டுப் பக்கத்து மஞ்சக்காட்டு வலசில் பிறந்து, கோவை இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன். ஆய்வுக்கூடமும் மருத்துவமனையும் சொற்களஞ்சியமும் ஒரே ஆண்டில் நமக்கு வாய்த்தன. இசைப்பாடல் எழுதிய கையாலேயே தூரன் பத்துத் தொகுதிகளை 1968 வரை இருந்து முடித்தார். அறிவியல் தமிழுக்குச் சொல் தேடுவது கவிஞனின் வேலையன்று என்று அவர் எண்ணவில்லை.

என் வேண்டுகோள் இதுதான். நம் வட்டம் அடுத்த ஆண்டுக்குள் ஒரு சிறுநூல் கொண்டுவர வேண்டும். புற்றுநோய் மருத்துவமனைக் கோப்பில் மீண்டும் மீண்டும் வரும் நூறு சொற்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ச்சொல்லும், எழுத்தறிந்த பாட்டி ஒருவர் தம் பேரனுக்குப் படித்துக்காட்டக்கூடிய நான்கு வரி விளக்கமும் எழுதுவோம். மருத்துவர் இருவர் பிழை திருத்தட்டும். கவிஞர்கள் சொல் தேர்ந்து தரட்டும். புற்றுநோயின் புளிப்பு எங்கிருந்து வருகிறது, காரநீரால் ஏன் அது மாறாது என்பதும் அதில் இடம்பெறட்டும். விலையின்றி, உக்கடம் பேருந்து நிலையத்திலும் நம் ஊர் மருத்துவமனை வாயில்களிலும் கொடுப்போம். முதல் பத்துச் சொற்களுக்கான விளக்கத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். செயலாளர் அவர்களிடம் இன்று ஒப்படைக்கிறேன். அவற்றைத் திருத்துவதில் தங்கள் கை படவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.